கொரியாவின் 'ஸொன்' எங்கிருந்து வந்தது? வேர் தேடும் முறை

கொரிய பௌத்தத்தின் தியான மரபுக்குப் பெயர் 'ஸொன்'. அது நம் 'தியானம்' என்ற சொல்லின் உறவு. ஆனால் ஒலியை மட்டும் வைத்துத் தேடினால் வழி தவறும்.

முதலில் அதன் சீன எழுத்தைக் கண்டுபிடியுங்கள். கொரியத் தேசிய மொழி நிறுவனத்தின் அகராதியில் அது இருக்கும். நல்லது, கோடு, சாவற்ற சித்தர் என்பவற்றுக்கும் இதே 'ஸொன்' தான். எழுத்து மாறினால் வேரும் மாறும்.

அடுத்து, எழுத்தின் பொருளை நம்பாதீர்கள். பெரும்பாலானோர் இடறுவது இங்கேதான். பழஞ்சீனத்தில் அந்த எழுத்து மண்ணுக்குச் செய்யும் வேள்வியையும் அரியணை துறப்பதையும் குறித்தது. பௌத்தர்கள் எடுத்துக்கொண்டது ஒலியை மட்டுமே. 'ஸொன்னா' என்ற முழு வடிவத்தைப் பாருங்கள்: வெட்டுப்பட்ட கடைசி அசை அதில் மிஞ்சியிருக்கிறது.

பிறகு ஒலியை ஒப்பிடுங்கள். அந்த எழுத்தின் இன்றைய சீன ஒலிப்பான 'சான்' உதவாது. இடைக்காலச் சீன ஒலிப்பு ஏறக்குறைய 'ஜியென்'. அது சமஸ்கிருத 'த்யான'வை விடப் பாலி 'ஜான'வுக்கு நெருக்கம். ஆகவே பிராகிருத (பழைய இந்தியப் பேச்சுமொழி) வடிவம் ஒன்றே சீனம் சென்றிருக்க வேண்டும் என்பது வலுவான முடிவு. இந்த 'ஜான'வை 'ஞானம்' என்று படித்துவிடாதீர்கள். அது வேறு வேர்.

ஆண்டுகளையும் பிரித்து வையுங்கள். பழைய கொரிய அரசான கோகுரியோ பௌத்தத்தை ஏற்றது 372இல். தோவி என்ற துறவி தாங் வம்சச் சீனத்திலிருந்து ஸொன் மரபோடு இன்னொரு கொரிய அரசான சில்லாவுக்குத் திரும்பியது 821இல். மரபு வந்த ஆண்டு, சொல் வந்த ஆண்டு ஆகாது.