கொடைக் கேசட்டைப் போனில் ஏற்றும்போது எங்கே பிசகுகிறது

நெல்லைச் சீமையில் 1980, 90களில் கோயில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நடக்கும்போது, மேடைக்கு முன்னால் டூ-இன்-ஒன்னை (ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த செட்டை) வைத்துப் பதிவு செய்த வீடுகள் நிறைய. அந்தக் கேசட்டில் இருப்பதற்கு வேறெங்கும் பிரதி கிடையாது. இன்று அதைப் போனுக்கு மாற்ற உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது ஆப்பில் இருக்கும் இரைச்சல் நீக்கும் பட்டனை. பாட்டு கெடுவதோ அதற்கு வெகு முன்னால், செட்டிலும், அதற்குள் டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டிலும், வயரிலும்.

கேசட்டைக் கையில் எடுத்ததும் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை ரெக்கார்ட் பட்டன் அமுங்கும். கை தவறினால் முப்பது வருஷத்துப் பாட்டின் மேல் வெறும் மௌனம் பதிவாகிவிடும். டேப்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் எந்தச் செட்டிலும் போடாதீர்கள். அது ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். டேப்புக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டையும் பாருங்கள். அது உதிர்ந்திருந்தால் டேப் ஹெட்டில் அழுந்தாமல் ஒலி மங்கி வரும். ஐந்து திருகாணி உள்ள கேசட் என்றால், டேப்பை அப்படியே எடுத்து நல்ல கூட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

செட்டுக்கு மின்சாரம்

மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த செட்டுகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. எடுத்ததும் பிளக்கில் சொருகுவதுதான் பெரிய ஆபத்து. பின்பக்கம் 110/220 மாற்றும் சுவிட்ச் இருக்கும். சவுதியில் 127 வோல்ட் புழங்கிய காலத்தில் வாங்கியது 110-லேயே நிற்கக்கூடும். நம் 230 வோல்ட்டில் அதன் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். ஜப்பான் உள்நாட்டுச் செட்டில் 100 வோல்ட் மட்டும்தான், சுவிட்சே இருக்காது. நெடுநாள் ஓடாத செட்டை முதன்முறை போடும்போது 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் கொடுங்கள், அதாவது செட்டுக்குப் போகும் கரண்ட் பல்பு வழியாகவே போகவேண்டும். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இதைவிட நல்ல வழி, பெரிய பேட்டரிக் கட்டைகளில் ஓட்டுவது. கரண்ட் இரைச்சலும் கூடவே ஒழியும். பேட்டரிப் பெட்டியில் கட்டை கசிந்து பூத்திருந்தால், எந்தக் கட்டை என்று பார்த்துத் துடையுங்கள். அல்கலைன் கசிவு காரம், அதற்கு வினிகர். சாதாரண சிங்க்-கார்பன் கட்டையின் கசிவு அமிலத்தன்மை உள்ளது, அதற்குச் சமையல் சோடாக் கரைசல். எல்லாவற்றுக்கும் வினிகரே போட்டால் கம்பி இன்னும் அரிக்கும்.

பழைய கேசியோ கீபோர்டுக்கும் இதே கவனம் வேண்டும். பலவற்றுக்கான ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், நடுப்பின் நெகட்டிவ். கடையில் கிடைக்கும் சாதாரண அடாப்டரில் பெரும்பாலும் நடுப்பின் பாசிட்டிவ். கீபோர்டின் உடம்பிலும் அடாப்டரிலும் பிளஸ், மைனஸ் காட்டி அச்சடித்திருக்கும் வட்டப் படத்தைப் பார்க்காமல் சொருகக் கூடாது.

பெல்ட், ஹெட், வேகம்

மோட்டாரிலிருந்து சக்கரங்களை ஓட்டும் ரப்பர் பெல்ட் உருகித் தார் போலக் கையில் ஒட்டினால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் சக்கரங்களைச் சுத்தம் செய்துவிட்டுப் புது பெல்ட் போடுங்கள். இழுபட்ட பழைய பெல்ட்டை வைத்து அளவெடுப்பது தவறு. பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதில் 5 சதவீதம் குறைத்து வாங்குங்கள். ரப்பர் பேண்டு போட்டால் உடுக்கைச் சத்தம் நெளியும்.

எல்லோரும் விட்டுவிடுவது ஹெட்டின் கோணம். ஹெட்டுக்கு இரு பக்கமும் இரண்டு திருகாணி இருக்கும். ஸ்பிரிங் போட்டிருப்பதுதான் கோணத்தைத் திருத்துவது. கேசட்டைப் பதிவு செய்த செட்டும் இப்போது ஓட்டும் செட்டும் வேறு என்றால் இந்தக் கோணம் ஒத்துப்போகாது. கூரான ஒலியெல்லாம் கம்பளிக்குள் போன மாதிரி கேட்கும். டேப் தேய்ந்துவிட்டது என்று பலரும் நினைப்பது இதைத்தான். ஹெட்டைத் துடைத்த பின், காந்தம் ஏறாத சின்ன ஸ்குரூ டிரைவரால், பாட்டு ஓடும்போதே மெதுவாகத் திருப்புங்கள். எந்தப் பக்கமும் கால் சுற்றுக்கு மேல் போகவேண்டாம். வில்லுப்பாட்டு என்றால் ஜால்ராவைக் கவனியுங்கள். அது எங்கே கணீரென்று வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஸ்டீரியோ செட்டில் இரண்டு சேனலையும் ஒன்றாக்கிக் கேட்டால் இன்னும் துல்லியமாகத் தெரியும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைப் பார்க்க வேண்டும்.

சுருதி ஏறியோ இறங்கியோ கேட்டால் உடனே மோட்டார் பின்னால் வேகத்தைத் திருத்த உள்ள துளையில் ஸ்குரூ டிரைவரை விடாதீர்கள். கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டு, அதே பாட்டைப் போனில் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். மூன்று நிமிடப் பாட்டு கேசட்டில் ஐந்து நொடி பிந்தினால் செட் கிட்டத்தட்ட 3 சதவீதம் மெதுவாக ஓடுகிறது, சுருதி அரைச்சுரத்தில் பாதி அளவு இறங்கியிருக்கும். அப்போது மோட்டாரைத் திருத்தலாம். சினிமாக் கேசட் சரியாக ஓடி, கொடைக் கேசட்டில் மட்டும் பாட்டு போகப்போக ஏறிக்கொண்டே போனால் தவறு அன்றைய பதிவில் இருக்கிறது: இரவெல்லாம் பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. அதை ஆப்பில்தான் பகுதி பகுதியாகத் திருத்த வேண்டும்.

செட்டிலிருந்து போனுக்கு

இரு முனையும் 3.5 மி.மீ. உள்ள சாதாரண ஆக்ஸ் வயரைப் போனின் ஹெட்போன் துளையில் சொருகிவிட்டு ரெக்கார்ட் அழுத்துவார்கள். அந்தப் பின்னில் மூன்று பிரிவுதான். மைக்குக்கான நான்காவது இல்லை. ஆகவே போன் தன் சொந்த மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, அறையில் ஓடும் ஃபேனையும் சேர்த்துப் பதிவு செய்யும். நான்கு பிரிவுப் பின்னைப் போட்டாலும் அது மைக் அளவுக்கான வழி, அதுவும் மோனோ. செட்டின் ஹெட்போன் ஒலி அதில் உடைந்து வரும். பெஹ்ரிங்கர் யூசிஏ222 மாதிரி லைன்-இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டை ஓடிஜி (போனில் யூஎஸ்பி கருவிகளைச் சொருகும் இணைப்பான்) வழியாகப் போனில் இணைப்பதே சரி. செட்டில் பாஸ், டிரெபிள் நடுவில், லவுட்னஸ் அணைத்து, வாலியூம் மூன்றில் ஒரு பங்கு. ஆப்பில் உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள்.

போனோடு வரும் வாய்ஸ் ரெக்கார்டரை நம்பாதீர்கள். பேச்சுக்காகச் செய்த தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு பலவற்றில் உள்ளது: குடத்தில் ஒரு அடி விழுந்ததும் அது மட்டத்தை இறக்கும், பாடுகிறவர் குரல் அமுங்கும், பிறகு இரைச்சலோடு மேலே வரும். மகுடம் என்ற பறை அதிரும் கணியான் கூத்தில் இது கேட்கச் சகிக்காது. யூஎஸ்பி உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்க விடும் பதிவு ஆப்பை வைத்து, ஆட்டோ கெயின் எனப்படும் அந்தத் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடும் இரைச்சல் குறைப்பும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள். ‘டிட் டிட்’ சத்தமும் ‘ம்ம்’ என்ற உறுமலும் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகின்றன. செட்டில் ரேடியோவைப் பதிவு செய்தாலும் இதுவே விதி: திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸைப் பிடிக்கும்போது பக்கத்தில் போன் சார்ஜர் இருந்தால் கரகரப்பு கூடும்.

பழைய பதிவோடு சேர்ந்து ஆப்பில் கீபோர்டு வாசிக்க நினைத்தால் ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். கட்டையை அழுத்தி நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கழித்தே சத்தம் கேட்கும், தாளம் நிற்காது. வயர் ஹெட்போன்தான்.

பதிவை 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். ஒரு சி-60 கேசட்டுக்குச் சுமார் 600 எம்பி, சி-90க்கு 900. இடம் இல்லை என்று முதலிலேயே எம்பி3 ஆக்கினால் பிறகு சுத்தம் செய்யும்போது ஜால்ரா தண்ணீருக்குள் ஒலிப்பது போலாகிவிடும். இரைச்சல் நீக்குவதெல்லாம் பிரதியில் மட்டும். கோப்பின் பெயரில் கோயில், ஊர், வருஷம், ஏ பக்கமா பி பக்கமா என்பதைச் சேர்த்துவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அப்போதுதான் நீங்கள் எடுத்த கோப்பு அப்படியே போய்ச் சேரும்.