பழைய பில்லிங் கம்ப்யூட்டரை மாற்றும் முன்

ஈரோடு, திருப்பூர் பக்கம் சில நூல் கடைகளில் இன்னும் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய பில்லிங்தான். கேட்டால், "நல்லாத்தானுங்க ஓடுது, எதுக்கு மாத்தோணும்?" என்பார்கள். ஓடும்தான். ஆனால் அதன் கடைசி வடிவமான விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கே மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. ஹார்ட் டிஸ்க் போனால், புரோகிராம் எழுதிக் கொடுத்தவரைத் தேடி அலைய வேண்டும்.

புது சாஃப்ட்வேருக்கு விலை பேசும் முன் பழைய கணக்கை வெளியே எடுங்கள். புரோகிராம் இருக்கும் ஃபோல்டரை முழுதாகப் பென் டிரைவில் நகலெடுத்து, அதில் கணக்குப் பதிவுகள் இருக்கும் டிபிஎஃப் (.dbf) ஃபைல்களை வேறு கம்ப்யூட்டரில் எக்செல் போன்ற லிப்ரேஆஃபிஸ் கால்க் மூலம் திறக்கலாம், அது இலவசம். பார்ட்டி பெயர், பில் எண், பாக்கி எல்லாம் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். எஃப்பிடி (.fpt) ஃபைல்களையும் விட்டுவிடாதீர்கள், நீளமான குறிப்புகள் அதில்தான் இருக்கும். தமிழ்ப் பெயர்கள் கன்னாபின்னாவென்று தெரிந்தால் பழைய எழுத்துரு என்று அர்த்தம்; யூனிகோடு மாற்றியில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

புது நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1, மாறுவதற்குத் தோதான நாள். பாக்கியை மொத்தத் தொகையாக ஏற்றாமல் பில் வாரியாக ஏற்றுங்கள். கடன் கெடு பார்க்கும் நூல் வியாபாரத்தில் இது ரொம்ப முக்கியம். ஒரு மாதம் பழையதிலும் பதிந்து ஒப்பிடுங்கள், கடைப்பையன் முனகினாலும் பரவாயில்லை. பார்ட்டிக்குப் போகும் பில் மட்டும் புதியதிலிருந்தே போகட்டும்.

அப்புறம், பழைய பெட்டியை உடனே எடைக்குப் போட வேண்டாம். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புக்காக இன்டர்நெட் ஒயரை மட்டும் கழற்றிவிடுங்கள்.