இரவல் கோட்டு வேண்டாம்: தொழிலுக்கான படத்துக்குத் தயாராவது எப்படி

கோயம்புத்தூரில் 16 வருடமாகப் படம் எடுக்கிறேன். கல்யாணத்தில் தொடங்கினேன். இப்போது என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்தத் தொழில் செய்கிறவர்கள்: பட்டறைக்காரர்கள், வக்கீல்கள், வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர்கள். வெப்சைட்டுக்கும் லிங்க்ட்இன்னுக்கும் வாட்ஸ்அப்புக்கும் தங்களைக் காட்ட ஒரு படம் வேண்டும் என்பார்கள்.

முன்பு ஒருமுறை, இங்கே கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மச்சானின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். தோள்பட்டை தொங்கியது. நான் ஒன்றும் சொல்லாமல் எடுத்தேன். எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் செய்யும் டச்சப்பில் முகத்தை இரண்டு படி வெளுப்பாக்கியும் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து வந்து சொன்னார்: "தம்பி, வெளியூர் பார்ட்டி ஒருத்தர் பட்டறைக்கு வந்தாருங்க. நான்தான் வாசல்ல நிக்கறேன். என்கிட்டயே ஓனர் இருக்காருங்களான்னு கேக்கறாரு."

அடுத்த வாரமே கேமராவோடு அவர் பட்டறைக்குப் போய், காசு வாங்காமல் திரும்ப எடுத்துக் கொடுத்தேன். வழக்கமாகப் போடும் நீலச் சட்டை, கையில் அளவெடுக்கும் வெர்னியர், பின்னால் லேத். அந்தப் படம்தான் இன்றுவரை அவர் விசிட்டிங் கார்டில் இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர், கதவைத் திறப்பவரும் அதே ஆள்தான் என்று உடனே தெரிந்துகொள்ள வேண்டும். நான் சொல்லும் தயாரிப்பு எல்லாம் இதற்காகத்தான்.

முதலில் உடையைப் பற்றி யோசிக்காதீர்கள். படத்தை யார் பார்க்கப் போகிறார், பார்த்ததும் உங்களிடம் என்ன கேட்டு வர வேண்டும், இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். "எல்லாரும் பார்க்கணும்" என்று எழுதினால் படம் யாருக்கும் ஒட்டாது. "குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி தேடும் அம்மா, பயமில்லாமல் போன் செய்ய வேண்டும்" என்று ஒரு தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்ததுமே நாற்காலியை எடுத்துவிட்டு அவரைத் தரையில், பாயில் உட்கார வைத்து எடுக்கலாம் என்று தோன்றிவிட்டது. அவர் வேலை செய்வதும் பாயில்தான்.

அப்புறம் இடம். முடிந்தவரை நீங்கள் வேலை செய்யும் இடத்திலேயே எடுங்கள். எடுக்கப் போகும் நேரத்திலேயே முந்தைய நாள் அங்கே நின்று வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வெயில் நேராக அடிக்காத ஜன்னல் ஒன்று போதும். அதிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, முகம் பாதி ஜன்னலைப் பார்க்கும்படி நில்லுங்கள். மறுபக்கம் நிழல் அதிகமாக இருந்தால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் தோல் பச்சையடித்துத் தெரியும். வெளியே எடுப்பதென்றால் காலை 8 மணிக்குள், இல்லாவிட்டால் மாலை 5 மணிக்கு மேல். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி நிழல் வரும்.

உடைக்கு ஒரே விதிதான்: கடந்த ஒரு மாதத்தில் வேலைக்குப் போட்டதிலிருந்து எடுங்கள். மூன்று செட் கொண்டுவாருங்கள். நெருக்கமான கோடு போட்ட சட்டை மட்டும் வேண்டாம். கேமராவில் அலை அலையாக ஓடும். கஞ்சி போட்ட காட்டன் சேலை என்றால் உட்காருவதற்கு முன் நின்ற படங்களை முடித்துவிடலாம், மடிப்பு விழுந்தால் திரும்ப நேராகாது. முடி வெட்டுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே வெட்டிவிடுங்கள். நெற்றியில் தினமும் திருநீறு பூசுகிறவர் அன்றைக்கும் பூசிக்கொண்டே வரட்டும். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடுதான்.

கையில் பிடிக்க ஏதாவது கொண்டுவாருங்கள். போலியாக லேப்டாப் தட்டுவதைச் சொல்லவில்லை. தையல்காரர் என்றால் கத்தரிக்கோல், வக்கீல் என்றால் தினமும் புரட்டும் கேஸ் கட்டு. பழகிய பொருள் கைக்கு வந்ததும் தோள் தானாக இறங்கும், நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் 20 நிமிடம் எடுப்பதை நான் பெரும்பாலும் கொடுப்பதே இல்லை, அது பழகுவதற்கு. "சிரிங்க" என்று சொல்லவும் மாட்டேன். "இந்த வாரம் எந்த வேலை ரொம்பக் கஷ்டப்படுத்துச்சு?" என்று கேட்பேன். பேச ஆரம்பித்ததும் அவர் முகம் அவருடையதாகிவிடும். போனில் வீட்டில் யாராவது எடுப்பதென்றாலும் இதையே செய்யச் சொல்லுங்கள். கிட்டே வந்து எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். ஆறேழு அடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூம் வைத்து எடுக்கட்டும். முகம் மட்டும் ஒன்று, இடுப்புவரை ஒன்று, இடத்தோடு சேர்த்து அகலமாக ஒன்று, வேலை செய்யும் கைகள் ஒன்று கட்டாயம் வேண்டும். அகலமான படத்தில் ஒரு பக்கம் காலியாக விடுங்கள், அங்கே தொழில் பெயரை எழுதலாம். பின்னால் வேலையாட்களோ வாடிக்கையாளரோ தெரிந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

டச்சப் பற்றி முன்பே பேசிவிடுங்கள். இரண்டு வாரத்தில் தானாகப் போகும் பருவை எடுக்கலாம். மச்சம், தழும்பு, நெற்றிச் சுருக்கம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். நிறத்தை மாற்றவே கூடாது. கேட்காமலேயே வெளுப்பாக்கித் தரும் வழக்கம் நம் ஊர் ஸ்டூடியோக்களில் இன்னும் இருக்கிறது. நானும் செய்திருக்கிறேன், அதற்காக வருந்துகிறேன். கருத்த தோலுக்குப் பக்கவாட்டு வெளிச்சம் கொடுத்தால் கன்னத்திலும் நெற்றியிலும் எவ்வளவு அழகாக ஒளி நிற்கும் தெரியுமா! வெளுப்பாக்கினால் முதலில் போவது அதுதான். "நிறத்தைத் தொடாதீங்க" என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

படத்தைத் தேர்ந்தெடுக்க வீட்டாரிடம் காட்டாதீர்கள். அவர்களுக்கு நீங்கள் கல்யாண ஆல்பத்தில் இருந்த மாதிரி இருக்க வேண்டும். உங்களோடு வேலை செய்கிற ஒருவரிடமும், ஒரு பழைய வாடிக்கையாளரிடமும் நான்கு படங்களைக் காட்டி, "நேர்ல நான் எப்படி இருக்கேனோ, எது அப்படியே இருக்கு?" என்று கேளுங்கள். லிங்க்ட்இன்னிலும் வாட்ஸ்அப்பிலும் முகம் வட்டத்துக்குள்தான் வரும், அதனால் கட்டைவிரல் நக அளவுக்குச் சின்னதாக்கியும் பாருங்கள். அதிலும் கண் தெரிய வேண்டும். படங்களை வாட்ஸ்அப்பில் வாங்குவதாக இருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சும்மா படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், பேனருக்குப் பிரிண்ட் போடும்போது உடைந்து தெரியும்.