வஞ்சிரத்துக்கு ட்ரோலிங்: எந்த மாதம், எந்தக் கடல், என்ன சாமான்

ஓடும் படகின் பின்னால் லூர் என்னும் போலி இரையை இழுத்து மீன் பிடிப்பதுதான் ட்ரோலிங். லூர் வாங்குவதற்கு முன் காற்றைக் கணக்குப் பண்ணுங்கள். தமிழகக் கடலில் எந்த மாதம் எங்கே போகலாம் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது.

ராமேஸ்வரத்தையே எடுத்துக்கொள்ளலாம். தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் அடங்கியிருக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடை அடிக்கத் தொடங்கினால் நிலைமை தலைகீழ். சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கலங்கிய நீர் தெளியும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஜூன், ஜூலையிலும் கரைக்காற்று இருக்கும் அதிகாலையில் போய், கடற்காற்று ஏறுவதற்குள், அதாவது பதினொரு மணிக்குள், திரும்பிவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நீங்கள் ஏறப்போகும் படகு எந்த வகையில் பதிவானது என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மீனின் பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. சென்னையில் வஞ்சிரம், தூத்துக்குடிப் பக்கம் சீலா, குமரியில் நெய்மீன், இலங்கையில் அறக்குளா. சென்னைக்காரர் ஷீலா என்றால் அது வேறு மீன், ஊளி. அதனால் படகோட்டியிடம் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடப் படத்தைக் காட்டிக் கேட்பது நல்லது.

ரீல் 6000 முதல் 8000 அளவு. பிஇ 3 தடிமனில் பிரெய்டு (பின்னல்) நரம்பு 300 மீட்டர். ராடு 7 அடிக்குள். பிரெய்டின் நுனியில் 60 முதல் 80 பவுண்டு மோனோ லீடர் (ஒற்றை இழை முன்நரம்பு) இரண்டு மீட்டர், இரண்டையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சில். அதற்குக் கீழே ஸ்விவெல் (சுழலும் இணைப்பு) வைத்து, 0.4 மி.மீ. ஒற்றைக் கம்பி ஒரு முழம். கம்பி தெரிந்தால் மீன் கடிக்காது என்று சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். வஞ்சிரத்தின் பல் கத்தரி மாதிரி. மோனோவை ஒரே கடியில் துண்டாக்கும். மீனும் போய், ஆயிரம் ரூபாய் லூரும் போகும். தண்ணீர் கண்ணாடியாக இருந்தால் கம்பியின் நீளத்தைக் குறையுங்கள், கம்பியை எடுக்காதீர்கள்.

ரீலின் பிரேக்கான டிராக்கை ராடில் கைவைத்து இழுத்துப் பார்த்து ஊகிக்க வேண்டாம். நரம்பைத் தொங்கு தராசில் மாட்டி இழுங்கள். 3 கிலோவில் நழுவ வேண்டும். பிரெய்டு நீளாது என்பதால் இதைவிட இறுக்கினால், முதல் அடியிலேயே முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். முதல் ஓட்டம் நின்ற பிறகு 5 கிலோ வரை ஏற்றலாம். லூரோடு வரும் மூன்றுமுள் மெல்லியதாக இருந்தால் நிமிர்ந்துவிடும், தடித்ததாக மாற்றுங்கள்.

15 முதல் 40 மீட்டர் ஆழத்தில் உள்ள பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகளின்) ஓரம்தான் ஓட்ட வேண்டிய இடம். பச்சைத் தண்ணீர் நீலமாக மாறும் கோடு, மிதக்கும் குப்பை வரிசை, ஆலாப் பறவைகள் மூழ்கி எழும் இடம் இவற்றையும் விடாதீர்கள். 12 முதல் 16 செ.மீ. டைவிங் லூருக்கு மணிக்கு 9 முதல் 11 கி.மீ. வேகம். வாளையைக் கோத்து இழுத்தால் 4 அல்லது 5 கி.மீ. போதும், போன் ஜிபிஎஸ் காட்டுவது தரையைக் கணக்கிட்ட வேகம், நீரோட்டம் இருந்தால் தண்ணீரில் லூர் ஓடும் வேகம் வேறாக இருக்கும். ஒரு நரம்பை 20 மீட்டரும் இன்னொன்றை 40 மீட்டரும் பின்னால் விடுங்கள். இரண்டும் ஒரே தூரத்தில் போனால் திரும்பும்போது பின்னிக்கொள்ளும்.

படகை அவ்வப்போது வளைத்து ஓட்டுங்கள். திரும்பும்போது உள்பக்க லூர் மெதுவாகும், வெளிப்பக்க லூர் வேகமெடுக்கும். எதில் கடி விழுகிறதோ, அந்த வேகத்துக்கு எஞ்சினை வைக்கலாம்.

வாளை இரையில் வால் மட்டும் சீராக வெட்டுப்பட்டு வருகிறதா? வஞ்சிரம் பின்னாலிருந்து வெட்டும். முதல் முள்ளிலிருந்து கம்பியில் இரண்டாவது முள் தொடுத்து வால்பக்கம் குத்துங்கள். இரை சுழன்றால் நரம்பு முறுக்கேறிப் பாழாகும். படகோரம் விட்டுப் பார்த்து, நேராக நீந்தினால் மட்டும் தூரம் விடுங்கள். லூர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே வந்தால் பாசி மாட்டியிருக்கும், அல்லது மூக்கு வளையம் கோணியிருக்கும்.

கடி விழுந்ததும் எஞ்சினை நிறுத்தாதீர்கள். ஐந்தாறு விநாடி அதே வேகத்தில் போய், பிறகு மெதுவாக முன்னே நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வஞ்சிரம் திடீரென்று படகை நோக்கி ஓடிவரும். நரம்பு தொய்ந்தால் முள் கழன்றுவிடும்.

பார் மேலேயே பாரை மீனும் களவாவும் ஜிக்கிலும் (ஆழத்தில் ஆட்டும் உலோக லூர்) பாப்பரிலும் (மேற்பரப்பில் தெறிக்கும் லூர்) கிடைக்கும். மிதவை, மரக்கட்டை ஓரம் கடல் விரால் நிற்கும். ஒன்று மாட்டினால் கூடவே இன்னொன்று வரும் வாய்ப்பு உண்டு, இரண்டாவது ராடு தயாராக இருக்கட்டும். மே முதல் ஜூலை வரை கோலா மீன் கூட்டம் வரும் ஆழ்கடலில் மயில் கோலாவை (செயில்ஃபிஷ்) தேடலாம். இரைத் தூண்டில் என்றால் சர்க்கிள் முள் (வட்டமாக வளைந்த முள்) போடுங்கள், ராடைச் சுண்டி இழுக்க வேண்டாம். மேலே தூக்காமல், கையுறையோடு அலகைப் பிடித்து, படகு மெல்ல நகரும்போது செவுளில் தண்ணீர் ஓடவிட்டு, தானாக உதறும்போது விடுங்கள்.

வைத்துக்கொள்ளும் வஞ்சிரத்தை உடனே செவுளை அறுத்து ரத்தம் வடித்து, பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த பெட்டியில் இறக்குங்கள். சூரை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் நச்சு ஏறும். சமைத்தாலும் அது போகாது. வஞ்சிரம் சுமார் 70 செ.மீ. வந்த பிறகுதான் முதல்முறை சினைப்படும், குட்டியாக இருந்தால் திருப்பி விடுங்கள். திமிங்கலச் சுறாவும் வேளாவும் (ரம்ப மூக்கு மீன்) சட்டப் பாதுகாப்பு பெற்றவை, மாட்டினால் நரம்பை அறுத்துவிட வேண்டும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றித் தூண்டில் போடாதீர்கள்.

முந்தின இரவே இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) தரும் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். கள்ளக்கடல் (தொலைதூரத்திலிருந்து வரும் பேரலை) எச்சரிக்கை இருந்தால் கரையில் காற்றே இல்லாவிட்டாலும் முகத்துவாரத்தில் படகு கவிழலாம். லைஃப் ஜாக்கெட் உட்காரும் பலகை அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.