பொய்க்கால் குதிரை செய்யலாம் வாங்க: முதலில் கால், அப்புறம்தான் குதிரை

தஞ்சாவூர்ப் பக்கம் நையாண்டி மேளத்தோடு ராஜா ராணி ஆடும் பொய்க்கால் குதிரையைப் பார்த்தவர்கள், வீட்டில் செய்ய உட்கார்ந்ததும் குதிரை முகத்தில்தான் கை வைப்பார்கள். வேண்டாம். கால் சரியில்லை என்றால் முகம் பரணுக்குத்தான் போகும்.

கால்

பழகியவர்கள் ஒரு அடிக்கு மேல் உயரமான கட்டையிலும் ஆடுவார்கள். நமக்கு அரை அடி போதும். வெடிப்பு, கணு இல்லாத மரத்தில் 3 அங்குலச் சதுரக் கட்டை இரண்டு எடுங்கள். மேலே பாத அளவுக்கு மிதிபலகை. கட்டை பாதத்தின் நடுவுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். ஓரம் போனால் கணுக்கால் பிசகும். காலின் வெளிப்பக்கமாக ஒரு பட்டைப் பலகை, கட்டையில் தொடங்கி முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே முடியட்டும். ஆணி அடிக்காதீர்கள், ஆட ஆட இளகிவிடும். போல்ட், வாஷர், நட் போடுங்கள். மிதிபலகைக்கு இரும்பு எல்-ஆங்கிள். அடியில் பழைய டயர்த் துண்டு, வழுக்காமல் இருக்க.

ஷூ போட்டுக்கொண்டு, விரல் பக்கம், கணுக்கால், முழங்காலுக்குக் கீழே என மூன்று கட்டு. உள்ளே ஃபோம். கால் மரத்துப்போனால் கட்டு அதிகம்.

நடை

உயரமான திண்ணையில் உட்கார்ந்து கட்டுங்கள். முழங்காலுக்கும் மணிக்கட்டுக்கும் அடிபடாமல் இருக்கப் பாதுகாப்பு உறை போட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எழுந்திருங்கள். அசையாமல் நிற்க முயன்றால் தள்ளாடும், ஏனென்றால் அடிப்பரப்பு அவ்வளவு சிறியது. ஆட்டக்காரர் ஓயாமல் கால் மாற்றிக்கொண்டே இருப்பது அழகுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். டைல்ஸ் தரை ஆகாது, மண் தரையே நல்லது. கையை விட்டுவிட்டு நடக்க வரும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

கூடு

குதிரையின் உடம்புக்கு மூங்கில் பிளாச்சை வளைத்து, இடுப்பு நுழையும் அளவுக்கு நடுவில் வளையம் விட்டுக் கட்டுங்கள். பாரம் தோளில் இறங்க, முதுகில் குறுக்காகப் போகும் இரண்டு பட்டை. முன்பாரமும் பின்பாரமும் ஒத்துப்போக வேண்டும். முகம் இழுத்தால் வால் பக்கம் மணல் பொட்டலம் கட்டலாம். சுற்றித் தொங்கும் துணி தரைக்கு ஒரு சாண் மேலேயே நிற்கட்டும்.

தலையாட்டும் முகம்

களிமண் அச்சின்மேல் செய்தித்தாளை மைதாப் பசையில் ஐந்தாறு அடுக்கு ஒட்டி, காய்ந்ததும் அச்சைச் சுரண்டி எடுங்கள். கழுத்தில் கதவுக் கீல். இங்கேதான் வேடிக்கை: சைக்கிள் பிரேக் லீவரைக் கடிவாளத்தில் கட்டி, கேபிளின் வெளியுறையைக் கூட்டிலும் உள்கம்பியைத் தலையிலும் மாட்டுங்கள். லீவர் கொஞ்சம்தான் இழுக்கும். அதனால் கம்பியைக் கீலிலிருந்து 4 செ.மீ. தூரத்துக்குள் மாட்டினால்தான் தலை நன்றாக நிமிரும். விட்டால் தன் பாரத்தில் தானே கவிழும், ஸ்பிரிங் தேவையில்லை. ஆனால் அவ்வளவு கிட்டத்தில் இழுக்கக் கை வலிக்கும், ஆகவே முகத்தின் கனத்தைக் குறையுங்கள்.

கழற்றும்போது முதலில் கூடு, பிறகு உட்கார்ந்து கால். குனிந்து அவிழ்க்க வேண்டாம், கூட ஒருவர் இருக்கட்டும்.