மூன்றாவது இலக்கம்: அமெரிக்கக் கடன்பத்திர விலைகளை எக்செலில் தசமமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்க நிதியங்களின் கடன்பத்திரக் கணக்குகளை இரவு நேரத்தில் சரிபார்க்கும் வேலையில் நான் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கடந்த மாதம் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த மூன்று பேர் தயாரித்த எக்செல் ஷீட்டுகளைத் திறந்து பார்த்தேன். முதல் ஆண்டில் நான் செய்த பிழைகள் ஏறக்குறைய அதே வரிசையில் அவற்றில் இருந்தன. மூவருமே கணக்கில் கெட்டிக்காரர்கள். இந்தச் சந்தை விலையை எழுதும் மரபை யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. எனக்கும் அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்கக் கருவூல நோட்டுகளுக்கும் பாண்டுகளுக்கும் முகமதிப்பில் 100 டாலருக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார்கள். முழு எண்ணுக்குப் பிறகு வருவது தசமம் அல்ல, 32-இல் இத்தனை பங்கு என்ற கணக்கு. 99-16 என்றால் 99-உம் 16/32-உம் சேர்ந்தது, அதாவது 99.5. நம் பழைய பின்னக் கணக்கில் 1/32-க்கு அரைவீசம் என்று பெயர். அந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டால், சிறுகோட்டுக்குப் பின்னால் இருப்பது எத்தனை அரைவீசம் என்று படிக்கப் பழகிவிடலாம். அமெரிக்கப் பங்குச் சந்தைகள் 2001-ஆம் ஆண்டில் பின்ன விலைகளைக் கைவிட்டுத் தசமத்துக்கு மாறிவிட்டன. கருவூலப் பத்திரச் சந்தை மாறவில்லை. நம் நாட்டு அரசுப் பத்திரங்களின் விலை தசமத்திலேயே வருவதால், இங்கே படித்துவிட்டு வருபவர்களின் கண்ணுக்கு இந்த எழுத்துமுறை பழக்கமாக இருப்பதில்லை.

தவறான செல்லைச் சுட்டுவது, ஃபார்முலாவைக் கடைசி வரிசைவரை இழுக்க மறப்பது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. அவை அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும்.

சிறுகோட்டைப் புள்ளியாக மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குவது

எக்செலில் டாலர்-டிஇ என்றொரு செயற்கூறு இருக்கிறது. அதற்கு 99.16 என்ற எண்ணையும், பின்னத்தின் கீழெண்ணாக 32-ஐயும் கொடுத்தால் 99.5 என்று விடை தரும். இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் புதியவர்கள் முதலில் செய்வது, நெடுவரிசை முழுவதிலும் சிறுகோட்டைப் புள்ளியாக மாற்றுவதுதான். விலை 99-05 என்று இரண்டு இலக்கத்தில் வந்திருந்தால் பிழையில்லை, அது 99.05 ஆகும். அனுப்பியவர் 99-5 என்று எழுதியிருந்தால் அது 99.5 ஆகி, செயற்கூறு அதை 50/32 என்று எடுத்துக்கொண்டு 100.5625 என்று காட்டும். சரியான விலை 99.15625. பத்து கோடி டாலர் முகமதிப்பில் இந்த வேறுபாடு 14 லட்சம் டாலருக்கும் மேல். இவ்வளவு பெரிய பிழையை யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதால் இதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை.

புள்ளியாக மாற்றுவதில் எனக்குப் பிடிக்காதது வேறொன்று. மாற்றிய பிறகு அந்த எண் தசமமா, 32-இன் பங்கா என்பதற்கான அடையாளம் ஷீட்டில் எங்குமே மிஞ்சுவதில்லை. 99.16 என்ற எண்ணை அடுத்த மாதம் திறந்து பார்க்கும் ஒருவர் அதை எப்படிப் படிப்பார்? வந்த விலையை வந்த எழுத்திலேயே, டெக்ஸ்டாக, ஒரு நெடுவரிசையில் தொடாமல் வைத்திருங்கள். தசமம் அதற்குப் பக்கத்து நெடுவரிசையில் வரட்டும். சிறுகோட்டுக்கு இடப்புறத்தை லெஃப்ட் கொண்டும், வலப்புறத்து இரண்டு எழுத்துகளை மிட் கொண்டும் பிரித்தெடுத்து, இரண்டாவதை 32-ஆல் வகுத்துக் கூட்டினால் போதும். இந்த வழியில் கிடைக்கும் எண் துல்லியமாகவும் இருக்கும். ஏனென்றால் 32, அதை இன்னும் எட்டாகப் பிரித்தால் வரும் 256 ஆகியவற்றின் பங்குகளைக் கணினியின் இரும எண்முறை மிச்சமின்றிச் சேமிக்கும், 99.16 போன்ற எண்ணை அப்படிச் சேமிக்க அதனால் முடியாது.

மூன்றாவது இலக்கத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

அரைவீசத்துக்கும் கீழே விலை நகரும்போது சிறுகோட்டுக்குப் பின்னால் மூன்றாவதாக ஓர் இலக்கம் வருகிறது. ரொக்கச் சந்தையில், அதாவது பத்திரத்தையே வாங்கி விற்கும் இடத்தில், அந்த இலக்கம் ஓர் அரைவீசத்தை எட்டாகப் பிரித்ததில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். 99-162 என்றால் பதினாறும் எட்டில் இரண்டும், அதாவது 16.25/32, தசமத்தில் 99.5078125. எட்டில் நான்கு வந்தால் 4 என்று எழுதாமல் பெரும்பாலும் + குறி போடுவார்கள். 99-16+ என்பது 99.515625. பியூச்சர்ஸ் சந்தையில், அதாவது பின்னொரு தேதியில் வாங்கவோ விற்கவோ இன்றே விலை பேசி ஒப்பந்தம் போடும் இடத்தில், அதே மூன்றாவது இலக்கத்துக்குப் பொருள் வேறு. அங்கே அது அரைவீசத்தின் தசமப் பகுதியின் முதல் இலக்கம். மீதி இலக்கங்கள் எழுதப்படாமல் வெட்டப்பட்டிருக்கும். 0.25 என்பது 2 ஆகவும், 0.5 என்பது 5 ஆகவும், 0.75 என்பது 7 ஆகவும் வரும். ஆகவே 16-க்குப் பிறகு வரும் 5 பியூச்சர்ஸில் 16.5, ரொக்கச் சந்தையில் அதே 5 என்பது 16.625.

என் முதல் ஆண்டில் ஒரு வாடிக்கையாளர் கையில் இருந்த பத்திரங்களுக்குக் காப்பாக ஐந்தாண்டு நோட்டு பியூச்சர்ஸில் 640 ஒப்பந்தங்களை விற்று வைத்திருந்தார். பத்திர விலையும் பியூச்சர்ஸ் விலையும் ஒரே பைலில், ஒரே நெடுவரிசையில் வந்தன. நான் எழுதிய ஃபார்முலா எல்லாவற்றையும் எட்டில் பங்கு என்றே படித்தது. சிகாகோவில் அன்றைய முடிவு விலை நிர்ணயமாகும்போது நமக்குக் கோடைக்காலத்தில் இரவு பன்னிரண்டரை மணி. அதன்பின் புரோக்கர் அனுப்பும் அறிக்கையோடு என் ஷீட்டை ஒப்பிட வேண்டும். சில இரவுகளில் கணக்கு ஒரு சென்ட் கூட மாறாமல் ஒத்துப்போயிற்று. சில இரவுகளில் 2,500 டாலர் கூடியது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ அதே 2,500 குறைந்தது. அப்போது எனக்கு மேலே இருந்தவர், இது ரவுண்டிங் வேறுபாடாக இருக்கும், மாதக் கடைசியில் தானே அடங்கிவிடும் என்றார். எனக்கும் நேரமில்லை, குறிப்பேட்டில் "ரவுண்டிங்" என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன்.

மூன்று வாரம் இப்படியே நடந்தது. வாடிக்கையாளர் எல்லா ஒப்பந்தங்களையும் முடித்துக்கொண்ட நாளில் 2,500 டாலர் திரும்பி வராமல் அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து 2,500-ஐ 640-ஆல் வகுத்தேன். 3.90625 என்று வந்தது. ஐந்தாண்டு பியூச்சர்ஸில் விலை நகரக்கூடிய மிகச் சிறிய அளவு அரைவீசத்தில் கால் பங்கு. ஒரு லட்சம் டாலர் ஒப்பந்தத்துக்கு அது 7.8125 டாலர். என் வேறுபாடு அதில் சரிபாதி. சந்தையில் அந்த அளவுக்கு ஒரு விலையே கிடையாது. அப்படியானால் நான் மூன்று வாரமாக இல்லாத ஒரு விலையைக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அது சில நாளில் மட்டும் தெரிந்ததற்குக் காரணம் எளியது. விலை 0 அல்லது 2-இல் முடிந்தால் இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தரும். 5 அல்லது 7-இல் முடிந்தால் மட்டும் எட்டில் ஒரு பங்கு அரைவீசம் கூடுதலாக வரும். நேற்றும் இன்றும் 5-இல் முடிந்தால் அன்றைய லாப நட்டத்தில் பிழை கழிந்துபோகும். 2-இல் தொடங்கி 7-இல் முடிந்த நாளில் முழுப் பிழையும் வெளியே வரும். பாதி நாட்கள் சரியாக இருந்து மீதி நாட்களில் தப்பும் கணக்கை யாரும் ஃபார்முலாவில் தேடுவதில்லை. பைல் தாமதம், ரவுண்டிங், புரோக்கரின் தவறு என்று வெளியேதான் தேடுவார்கள். நாங்களும் அப்படித்தான் தேடினோம். அந்த மூன்று வாரத்து அறிக்கைகள் அனைத்தையும் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பிய கடிதத்தை நானே எழுதினேன். அதன் ஒவ்வொரு வரியும் இன்னும் நினைவில் இருக்கிறது.

கடந்த மாதம் பார்த்த ஷீட் ஒன்றில் இதே தவறு எதிர்ப்பக்கமாக இருந்தது. ரொக்கச் சந்தை விலைகளை 99.162 என்று மாற்றி டாலர்-டிஇ-யிடம் கொடுத்திருந்தார் அதைத் தயாரித்த பெண். அந்தச் செயற்கூறு மூன்றாவது இலக்கத்தைப் பத்தில் பங்காக எடுத்துக்கொண்டு 16.2/32 என்று கணக்கிடும். பத்து கோடி டாலர் முகமதிப்புக்கு 2-இல் முடியும் விலையில் 1,562.50 டாலரும், 6-இல் முடியும் விலையில் 4,687.50 டாலரும் குறைந்துபோகும். அவர் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. ஆனால் + குறி வந்த விலைகளில் அதை 5 என்று மாற்றி அவற்றையே சோதித்திருந்தார், 16.5 என்று சரியாக வந்ததால் நம்பிவிட்டார். மூன்றாவது இலக்கத்தோடு வருபவற்றில், சோதிக்க அவர் எடுத்த ஒரே வகை விலைதான் அந்த ஷீட்டில் சரியாக வரக்கூடியது. அவரிடம் நான் கோபப்படவில்லை. அந்த ஷீட்டுக்கு ஒப்புதல் கொடுத்தவர் மீது வருத்தம் உண்டு.

இதற்குத் தீர்வு புத்திசாலித்தனமான ஒரே ஃபார்முலா அல்ல. ஒவ்வொரு வரிசையிலும் அது ரொக்கமா, பியூச்சர்ஸா என்று சொல்லும் ஒரு நெடுவரிசை கட்டாயம் இருக்க வேண்டும். மூன்றாவது இலக்கத்துக்கு இரண்டு தனி அட்டவணைகள் வைத்து, வரிசையின் வகைக்கு ஏற்ற அட்டவணையிலிருந்து மதிப்பை எடுக்க வேண்டும். ரொக்க அட்டவணையில் 0 முதல் 7 வரையும் + குறியும் இருக்கும். 8-உம் 9-உம் இருக்கக் கூடாது. பியூச்சர்ஸ் அட்டவணையில் 0, 1, 2, 3, 5, 6, 7, 8 இருக்கும்; 4-உம் 9-உம் இருக்கக் கூடாது. இதில் 1, 3, 6, 8 எதற்கு என்று கேட்பார்கள். இரண்டாண்டு நோட்டு பியூச்சர்ஸின் மிகச் சிறிய நகர்வு 2019-இல் கால் அரைவீசத்திலிருந்து அதிலும் பாதியாக, அதாவது அரைவீசத்தில் எட்டில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் எழுதிய ஷீட்டுகள் 2, 5, 7 ஆகிய மூன்றை மட்டுமே எதிர்பார்த்துவிட்டு, மற்ற எதையும் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். எங்கள் அலுவலகத்திலேயே அப்படி ஒன்று இருந்தது.

அட்டவணையில் இல்லாத இலக்கம் வந்தால் பிழை என்று செல் சிவப்பாக நிற்கட்டும். அதை இஃப்-எரர் போட்டுப் பூஜ்யமாக மாற்றி மறைக்காதீர்கள். பியூச்சர்ஸ் வரிசையில் 4 தென்பட்டால், ரொக்கச் சந்தை விலை இடம் மாறி வந்துவிட்டது என்று அந்தச் சிவப்புச் செல்லே உங்களுக்குச் சொல்லிவிடும்.

இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்வது

99.515625 என்பதை 99.52 என்று ரவுண்ட் செய்தால் பத்து கோடிக்கு 4,375 டாலர் போயிற்று. 256-இல் ஒரு பங்கு என்பது 0.00390625, எட்டுத் தசம இடம் அதற்குத் தேவை. திரையில் எத்தனை இடம் காட்டினாலும், மதிப்பை வெட்டாதீர்கள்.

ஆப்ஷன் விலை

கருவூல பியூச்சர்ஸை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷன்களுக்கு 64-இல் பங்கு. 1-32 என்பது 1.5, அது 2 அல்ல.

மாற்றுவதற்கு முன்பே கழிப்பது, சராசரி எடுப்பது

100-01-க்கும் 99-31-க்கும் இடையே உள்ள தூரம் இரண்டு அரைவீசம், 0.0625. புள்ளி வைத்த எண்களைக் கழித்தால் 0.70 என்று வரும். முதலில் தசமம், அதன் பிறகே மற்றக் கணக்கு.

கழித்தல் குறியோடு வரும் விலை மாற்றம்

நாளின் விலை மாற்றம் −1-16 என்று வந்தால், இடப்புறத்தை −1 என்று எடுத்து 16/32-ஐக் கூட்டும் ஃபார்முலா −0.5 என்று சொல்லும். சரியான விடை −1.5. −0-05 என்று வந்தால் இன்னும் மோசம். குறியே மறைந்து, இறங்கிய விலை ஏறியதாகத் தெரியும். முதலில் குறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைத் தசமமாக்கி, கடைசியில் குறியால் பெருக்க வேண்டும்.

தேதியாக மாறிவிடும் விலை

ஆப்ஷன் விலை 2-05 என்று ஒட்டப்பட்டால், நம் ஊர் அமைப்பில் உள்ள எக்செல் அதை மே 2 ஆக்கிவிடும். அமெரிக்க அமைப்பில் உள்ளது பிப்ரவரி 5 ஆக்கிவிடும். செல்லுக்கு டெக்ஸ்ட் அமைப்புக் கொடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு அமைப்பை மாற்றினால் தேதியின் வரிசை எண்தான் கிடைக்கும், விலை திரும்ப வராது.

டி-பில்

குறுகிய காலக் கருவூலப் பத்திரமான அது கழிவு வீதத்தில், தசமத்திலேயே வருகிறது. தொடாதீர்கள்.

ஒரே விலையை வைத்துச் சோதிப்பது

என் ஷீட்டின் மேல் பகுதியில் ஆறு விலைகள் நிரந்தரமாக இருக்கின்றன. 99-05 வந்தால் 99.15625. ரொக்கத்தில் 99-162 வந்தால் 99.5078125, 99-16+ வந்தால் 99.515625, 99-167 வந்தால் 99.52734375. பியூச்சர்ஸில் 99-165 வந்தால் 99.515625, 99-167 வந்தால் 99.5234375. ஃபார்முலாவை யார் திருத்தினாலும், இந்த ஆறில் ஒன்று மாறினால் கீழே உள்ள கூட்டுத்தொகைச் செல் காலியாகிவிடும்படி அமைத்திருக்கிறேன். புதிதாக வந்த மூவருக்கும் அந்த ஆறு வரிசைகளை முதலில் அனுப்பினேன். அந்தப் பெண் அன்று இரவே தன் ஷீட்டில் அவற்றைப் போட்டுப் பார்த்து, ரொக்க விலைகளில் இரண்டு விடைகள் பொருந்தவில்லை என்று எழுதினார். எந்த இரண்டு என்றும், ஏன் என்றும் அவரே கண்டுபிடித்திருந்தார்.