மலைப்பாதையில் முகம் தெரியாதவருக்கு உதவுவது எப்படி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பஸ்ஸில் யாருக்கு வாந்தி வரப்போகிறது என்பது பர்லியாறு தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். பேச்சு நின்றுபோகும், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பார்கள், உதடு வெளுத்து நெற்றியில் வேர்வை துளிர்க்கும். பக்கத்தில் நீங்கள் இருந்தால் "என்னங்க, வாந்தி வருதா?" என்று சத்தமாகக் கேட்காதீர்கள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும், அவருக்குப் பாதி வேதனை அந்தக் கூச்சம்தான். பேசாமல் எழுந்து ஜன்னலோரத்தைக் கொடுங்கள். "எனக்கு இந்தக் காத்து ஒத்துக்கல, நீங்க இங்க உக்காருங்க" என்று ஒரு பொய் சொன்னாலும் தப்பில்லை. தலையை மட்டும் வெளியே நீட்ட விடாதீர்கள், வளைவில் எதிரே லாரி உரசிக்கொண்டு வரும்.

வண்டி வளைவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது, கண்ணோ செல்போனையோ முன் சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டு எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. அதனால் போனை உள்ளே வைக்கச் சொல்லி, தூரத்தில் தெரியும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பின் சீட்டில் ஆட்டம் அதிகம், முடிந்தால் முன்பக்கம் இடம் மாற்றிக் கொடுங்கள். நான் பையில் எப்போதும் கெட்டியான காகிதப் பை இரண்டு வைத்திருப்பேன். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் நீலகிரியில் தடை, அதனால் காகிதம்தான். உள்ளே பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டுவிட்டால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், பை சீக்கிரம் கிழியாது. கூடவே ஒரு எலுமிச்சம்பழம், நாலு இஞ்சி மிட்டாய்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது தேயிலை பறிக்கும் ஒரு பாட்டி. கைக்குழந்தையோடு வந்த பெண்ணொருத்தி தன் சேலையிலேயே வாந்தி எடுத்துவிட்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள், நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பாட்டி எழுந்து வந்து முதலில் குழந்தையை வாங்கிக்கொண்டார், தன் தோள் துண்டை அவள் மடியில் விரித்தார், "ஒண்ணுமில்ல கண்ணு, பதினாலு வளைவு, யாருக்குத்தான் வராது" என்றார். அந்தப் பெண்ணின் முகம் அப்போதுதான் நிமிர்ந்தது. துண்டைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

வழி கேட்டால் "பக்கம்தான்" என்று சொல்லாதீர்கள். நமக்குப் பக்கம், சமவெளியிலிருந்து வந்த அறுபது வயதுக்காரருக்கு மூச்சு வாங்கும் ஏற்றம். எத்தனை நிமிஷம், ஏற்றமா இறக்கமா, நடுவில் உட்கார இடம் உண்டா என்று சொல்லுங்கள். அதேபோல குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எதிரே நடந்து வருகிறவரிடம் "அங்க மாடு நிக்குது" என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம், வெளியூர்க்காரர் வீட்டு மாடு என்று நினைத்து நேராக அதன் பக்கத்தில் போய் நிற்பார். "காட்டெருமை" என்று சொல்லி, அது நகரும் வரை கூட நில்லுங்கள்.

குளிர் இன்னொன்று. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும், ராத்திரி பஸ் ஸ்டாண்டில் அரைக்கைச் சட்டையோடு ஒரு குடும்பம் நின்றால் "ஸ்வெட்டர் கொண்டு வரலையா?" என்று கேட்டு என்ன ஆகப்போகிறது. திறந்திருக்கும் டீக்கடையைக் காட்டுங்கள், குழந்தையின் காதை மூடச் சொல்லுங்கள், மப்ளர் மிச்சமிருந்தால் கொடுத்துவிடுங்கள்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு. குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, விதியே அப்படித்தான். இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும், எதிரே வேலை முடிந்து ஓரமாக நடந்து வரும் தோட்டத்து ஆட்களுக்கும் கண் கூசும், தாழ்த்திக்கொள்ளுங்கள். அப்புறம், இறக்கத்தில் முன்னால் போகும் வெளியூர் காரிலிருந்து கருகல் வாடை வந்தால் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு வருகிறார் என்று அர்த்தம். சூடேறிய பிரேக் ஒரு கட்டத்தில் பிடிக்காது. ஹாரன் அடித்து மிரட்டாமல் அகலமான இடத்தில் நிறுத்தச் சொல்லி, அரை மணி நேரம் ஆறட்டும், தண்ணீர் ஊற்ற வேண்டாம், எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். குடும்பத்தின் முன்னால் அவரைத் திட்ட வேண்டாம்.

நின்ற வண்டியின் டயருக்கு அண்டையாகக் கல் வைப்போம், கிளம்பும்போது மறந்துவிடுவோம். பனியில் பின்னால் பைக்கில் வருகிறவன் அதில் ஏறித்தான் விழுகிறான். யார் வைத்த கல்லாக இருந்தாலும், வளைவில்லாத இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுத்துப் போடுங்கள். பள்ளத்துப் பக்கம் வீசாதீர்கள், கீழே அடுத்த வளைவில் இதே சாலைதான் ஓடுகிறது, ஆட்கள் போவார்கள். ரோட்டோரத்து ஓடையிலும் வேண்டாம், மழைத் தண்ணீர் அடைத்துக்கொண்டு ரோட்டில் ஏறும். ஓடைக்கு அந்தப் பக்கம், மலையடியில் வையுங்கள்.